நாலு மூலையும் பார்த்தாச்சா?

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிற எனக்குச் சாலை நிலவரம் சொல்லக் கிடைப்பது முப்பது வினாடி. எங்கே நெரிசல், எங்கே விபத்து, எந்தத் தடம் மூடியிருக்கிறது. அதில் அடிக்கடி வருகிற ஒரு வாக்கியம் உண்டு: 'லாரியிலிருந்து சுமை சரிந்ததால் இடது தடத்தில் போக்குவரத்து மெதுவாக நகர்கிறது.' பத்து வருடத்தில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லி முடித்ததும் பாட்டு. சுமை ஏன் சரிந்தது, யார் கட்டியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன வருடம் லுக்குட் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மழையில் நின்றபோதுதான் யோசித்தேன். அன்று சரியப் பார்த்தது என்னுடைய சுமை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். 2021 அக்டோபரில் மாநிலம் கடந்து போகும் தடை நீங்கியதும் நம்மில் பலருக்கு ஓர் ஊர்சுற்றும் வெறி பிடித்தது, நினைவிருக்கிறதா? கூடாரம், மடக்கு நாற்காலி, கேஸ் அடுப்பு என்று ஆளாளுக்கு வாங்கினோம். என் கணவருக்கும் எனக்கும் அந்த வெறி தணியவே இல்லை. கடைசியில் எங்கள் பிக்கப்பின் பின்பெட்டியில் ஏற்றி வைக்கிற ஒரு கேம்பரைப் பழையதாக வாங்கினோம். பார்த்திராதவர்களுக்கு: அது ஒரு குட்டி அறை. உள்ளே ஒரு மெத்தை, ஓர் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இரண்டு ஜன்னல். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பகுதியில்தான் படுக்கை. நான்கு மூலையிலும் நான்கு கால்கள். காலை இறக்கினால் அறை தானாக நிற்கும், பிக்கப்பை அடியிலிருந்து உருவிக்கொண்டு கடைக்குப் போய்வரலாம். மறுபடி அடியில் நுழைத்துக் காலைத் தூக்கினால் வீடு வண்டியில் உட்கார்ந்துவிடும்.

ஊடகப் படிப்பின்போது ஜான் ஸ்டைன்பெக்கின் பயணப் புத்தகம் ஒன்றைப் படித்திருந்தேன். 1960இல் ஒரு ஜிஎம்சி பிக்கப்பில் இப்படி ஓர் அறையைப் பொருத்திக்கொண்டு, தன் நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார் அவர். வண்டிக்கு டான் குயிக்சோட்டின் குதிரைப் பெயரை வைத்தார். அந்த வயதில் நானும் நம்ம வண்டிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தேனே தவிர, அந்த வீடு வண்டியோடு எப்படி ஒட்டிக்கொண்டிருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

வாங்கின பட்டறையில் கேட்டிருக்கலாம். அவர்கள் நான்கு ராட்செட் பெல்ட்டை எடுத்து, பின்பெட்டிக்குள் ஏற்கனவே இருந்த கொக்கிகளில் மாட்டி, டர் டர் என்று இறுக்கி, "ஓகே லா, எங்க வேணா போலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் அதை நம்பிக் கிளம்பினோம்.

முதல் பயணம் போர்டிக்சனுக்கு என்று நான்தான் முடிவு செய்தேன். அப்பாவுக்காக. அம்மா போனதிலிருந்து அவர் எங்கேயும் வருவதில்லை. ஆனால் போர்டிக்சன் என்றால் வருவார் என்று தெரியும். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் அவர் 24 வருடம் லாரி ஓட்டினார். பால் லாரி, விறகு லாரி, சில நாள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற லாரி. நான் பிறந்ததும் அங்கே லயத்து வீட்டில்தான். இப்போது அங்கே வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயமும் இல்லை, பால்மரமும் இல்லை.

கணவருக்கு அன்று வேலை. சாயங்காலம் நேராகத் தெலுக் கெமாங் வந்துவிடுவதாகச் சொன்னார். சிரம்பானிலிருந்து நான், அப்பா, எட்டு வயது மகள் மூவரும் கிளம்பினோம். நான் சாவியைப் போடும்போது மகள் கேட்டாள்: "மா, நா பின்னால மேல படுத்துக்கிட்டு வரட்டா? ஜன்னல்ல பாத்துக்கிட்டே வர்றேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது ஒன்றும் பெரிய தப்பாகத் தெரியவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம், மெத்தை, ஜன்னல். 'சரி, ஆடாம படுத்துக்க' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா அதற்குள் கீழே இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெல்ட்டையும் விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார், வீணையில் சுருதி பார்க்கிற மாதிரி. பிறகு கதவைத் திறந்து, "பாப்பா முன்னால உக்காரட்டும்" என்றார்.

"ஏன்ப்பா, பெல்ட்டெல்லாம் இறுக்கமாத்தானே இருக்கு?"

"இறுக்கமா இருக்கு. எதுல இறுக்கியிருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரும் விளக்கவில்லை. மகள் உம்மென்று முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பழைய சாலையில் போகச் சொன்னார் அப்பா. ரசா, மம்பாவ், லுக்குட்.  1891இலேயே சிரம்பானிலிருந்து போர்டிக்சன் துறைமுகத்துக்கு ரயில் ஓடியது. மம்பாவ் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நம்ம ஊர் மழை தெரியுமே, வைப்பர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் முன்னால் ஒன்றும் தெரியாத மழை. லுக்குட் நெருங்கும்போது வலப்பக்க வளைவு ஒன்றில் மழைக்கோட்டு போட்ட ஒரு மோட்டார்சைக்கிள்காரர் சந்திலிருந்து சட்டென்று உள்ளே வந்தார். பிரேக்கை ஏறி மிதித்தேன். அவர் தப்பித்துப் போய்விட்டார். எங்கள் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். தலைக்கு மேலே ஏதோ உரசியது. அதன் பிறகு ஸ்டீயரிங் என் கையில் வேறு மாதிரி இருந்தது.

"மெதுவா. பெரேக் அடிக்காத. மெதுவா ஓரங்கட்டு." அப்பாவின் குரல் அத்தனை அமைதியாக இருந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

பெட்ரோல் நிலையத்து ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தோம். கேம்பர் இடப்பக்கம் மூன்று விரற்கடை நகர்ந்து சாய்ந்திருந்தது. வலப்பக்கப் பின் கொக்கி, அது பிடித்திருந்த தகரத்தோடு சேர்ந்து மேலே எழும்பி, சப்பாத்தி உப்பின மாதிரி நின்றது. அதைச் சுற்றி உலோகம் கிழிய ஆரம்பித்திருந்தது. மற்ற மூன்று பெல்ட்டும் நனைந்து தொளதொளவென்று தொங்கின. இன்னொரு வளைவு வந்திருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, மகள் ஜன்னல் வழியாக எட்டி அந்தப் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேலிருந்த பாத்திரமெல்லாம் மெத்தையில் கிடந்தது.

மழை விட்டதும் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓர் அட்டைப்பெட்டியை விரித்து, 68 வயதில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். "இங்க வா, பாரு" என்று கூப்பிட்டார். நானும் படுத்தேன்.

மேலே தெரிந்தது இரண்டு பொருள். ஒன்று, வண்டியின் நீளத்துக்கும் ஓடுகிற இரண்டு தடித்த இரும்புச் சட்டம், சேசிஸ். இன்னொன்று, அதன் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்திருக்கிற தகரப் பெட்டி. "இதுதான் வண்டி" என்று சேசிஸைத் தட்டினார். தகரத்தைத் தட்டினார்: "இது தட்டு. தட்டுல சோறு வைக்கலாம். தட்டைப் பிடிச்சு வீட்டைத் தூக்க முடியுமா?"

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் அதுவேதான். பின்பெட்டிக்குள் இருக்கும் கொக்கிகள் சிமெண்டு மூட்டை, சைக்கிள், பழப்பெட்டி சறுக்காமல் பிடித்துக்கொள்ளப் போட்டவை. ஓர் ஆள் உயர அறை காற்றில் மேலே தூக்கும்போதும், வளைவில் சாயும்போதும் ஏற்படுகிற இழுப்பைத் தாங்க அல்ல. தலைக்கு மேல் துருத்தி நிற்கிற அந்தப் படுக்கைப் பகுதியின் அடியில் எதிர்க்காற்று புகுந்தால் மேல்நோக்கித் தள்ளும். அதனால்தான் வெளிநாடுகளில் இந்த அறைகளை நெடுநாள் வைத்திருப்பவர்கள் சேசிஸில் போல்ட் போட்டு வெளியே நீட்டிய நான்கு கைகளில் கட்டுகிறார்கள்.

கட்டும் திசையைப் பற்றியும் அப்பா சொன்னார். பட்டறைக்காரர்கள் நான்கு பெல்ட்டையும் நேர்செங்குத்தாகக் கீழே இழுத்திருந்தார்கள். "கயிறு இழுக்கும், தள்ளாது" என்றார் அப்பா. முன்னால் இரண்டும் முன்பக்கம் சரிந்து இழுக்க வேண்டும், பின்னால் இரண்டும் பின்பக்கம் சரிந்து. அப்போதுதான் சாமான் எந்தப் பக்கம் போக நினைத்தாலும் அதற்கு எதிரே இரண்டு கயிறு நிற்கும். ஐரோப்பாவில் லாரிச் சுமைக்கு இதையே எண்ணில் வைத்திருக்கிறார்கள்: முன்பக்கம் சுமையின் எடையில் 80 விழுக்காடு விசையைத் தாங்கவேண்டும், பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் 50 விழுக்காடு. எங்கள் கேம்பர் காலியாகவே 450 கிலோ. ஒரு நல்ல பிரேக்குக்கு 360 கிலோ முன்னால் பாய்கிறது என்று அர்த்தம். அதைத் தோசைக்கல் கனம்கூட இல்லாத தகரத்தில் கட்டி வைத்திருந்தோம்.

பக்கத்து வன்பொருள் கடையில் பாலியஸ்டர் பெல்ட் நான்கு வாங்கினோம். நைலான் நனைந்தால் நீளும், பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது. அதில் தைத்திருக்கும் சீட்டில் இரண்டு எண் இருந்தது, 1,500 என்றும் 500 என்றும். நான் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்தேன். அது அறுபடும் எடை, சின்ன எண்தான் நம்பி வேலை வாங்கக்கூடிய எடை என்று கடைக்காரரான சீனப் பெரியவர் விரலை வைத்துக் காட்டினார். நான்கு காலையும் இறக்கி அறையைத் தூக்கி, பிக்கப்பை முன்னும் பின்னும் நகர்த்தி நேராக்கி, சேசிஸைச் சுற்றிக் கட்டி, மீதித் தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

அன்று இரவு தெலுக் கெமாங்கில், மகள் தூங்கின பிறகு, அப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் காபி கலக்கிக் கொடுத்தார். நான் கேட்டேன்: "எப்படிப்பா தெரிஞ்சுது, பாப்பாவை முன்னால உக்கார வைக்கணும்னு?"

வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். இதுவரை எங்களிடம் சொல்லாத கதை.

நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகைக்கு விறகு ஏற்றிப் போகிற வேலை. வெட்டின பழைய பால்மரத்துக் கட்டைகள். விடியக்காலை பெரட்டு முடிந்து ஏற்றும்போது நல்ல மழை. மணிலா கயிறுதான் அப்போது. நனைந்த கயிற்றால் இறுக்கிக் கட்டினார். லாரியில் கூடப் போகிற பையனுக்குப் பதினேழு வயது. சுமை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். எல்லாரும் அப்படித்தான் போவார்கள், தோட்டத்தில் வேறு எப்படி?

"மணிலா கயிறு நனைஞ்சா சுருங்கும், காஞ்சா தொளதொளத்துப் போகும்மா. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் கட்டினேன். பத்து மணிக்கு வெயில் சுள்ளுன்னு வந்துச்சு. பாதி வழியில நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்டியிருக்கணும். மானேஜர் கொட்டகையில நின்னுக்கிட்டு இருக்காருன்னு நிறுத்தல."

மேட்டில் ஏறும்போது கட்டைகள் பின்னால் உருண்டன. பையனும் உருண்டான். உயிர் பிழைத்தான். ஒரு கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போனது. பால் வெட்டப் போக முடியவில்லை. ஆயா கொட்டகைப் பக்கம் சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள். தோட்டம் மூடியபோது அவன் குடும்பம் எங்கோ போய்விட்டது. அப்பா தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை.

"அவன் என்னைத் திட்டல. அண்ணே, கயிறு காஞ்சிருச்சுண்ணேன்னு மட்டும் சொன்னான்."

அவ்வளவுதான் சொன்னார். 1996இல் நாங்கள் லயத்து வீட்டைக் காலி பண்ணின நாள் எனக்கு நினைவு வந்தது. ஆறு, ஏழு வயது இருக்கும். வாடகை லாரியில் கட்டில், அலமாரி, அம்மாவின் தையல் மெஷின், சாமிப் படம் எல்லாம் ஏற்றி அப்பாதான் கட்டினார். சிரம்பான் வருவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிக் கயிற்றைப் பார்த்தார். லாரிக்காரர் சலித்துக்கொண்டார். அம்மாவும்தான். எனக்கு ஒன்றுக்கு வந்ததால் நிறுத்தினார்கள் என்றே இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோலாலம்பூர் திரும்பியதும் எல்லாவற்றையும் மாற்றினோம். சேசிஸில் ஏற்கனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு நான்கு இரும்புக் கைகள். வெல்டிங் வேண்டவே வேண்டாம் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். சூட்டில் சேசிஸ் இரும்பின் பலம் போய்விடும், வெடிப்பு விடும். பெல்ட்டுக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள். வண்டி குழியில் இறங்கி ஏறும்போது அது கொஞ்சம் விட்டுக்கொடுத்து மறுபடி இழுத்துக்கொள்ளும். ரொம்ப இறுக்கவும் கூடாது, அறையின் மரச்சட்டம் பிளந்துவிடும். ("கட்டுறது வேற, நெரிக்கிறது வேற.") பின்பெட்டியில் இருந்த வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பைக் கழற்றிவிட்டு, தடித்த ரப்பர் பாய் போட்டோம். சறுக்கலைப் பாதிக்கு மேல் அந்தப் பாயே பிடித்துக்கொள்கிறது என்று இப்போது ஓட்டும்போது தெரிகிறது. அதைப் போடும்போது அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம சாமான்" என்றார்.

எடைக் கணக்குதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நம் ஊர் பிக்கப்புகள் பெரும்பாலும் ஒரு டன் அளவு சுமைக்குச் செய்தவை. ஆனால் ஏறும் ஆட்களும் அதே கணக்கில்தான் வருவார்கள். அறை 450, மூன்று பெரியவர்கள் ஒரு குழந்தை என்றால் 230, சமையல் கேஸ், பாத்திரம், மெத்தை, மடக்கு நாற்காலி. தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ, எங்கள் தொட்டியில் 80 லிட்டர். அறையின் கனம் பின் சக்கர அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். லுக்குட்டில் என் கை உணர்ந்தது அதன் ஒரு துளிதான். தண்ணீர்த் தொட்டியை ஒன்று நிறைய ஊற்று, இல்லாவிட்டால் காலியாக வை என்பது அப்பாவின் சட்டம். அரைத்தொட்டிப் பால் ஏற்றின லாரி வளைவில் எப்படி ஆடும் என்று அவருக்குத் தெரியும். திரவம் அலையடித்துப் பக்கவாட்டில் மோதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதென்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் அனுமதி வாங்கவேண்டும். சோதனைக்கும் வண்டியைக் காட்டவேண்டும். நாங்கள் முதல் தடவை எதையும் கேட்காமல் ஓட்டினோம். இரண்டாம் தடவை பாரம், படம் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். வரிசை நீளம். முகப்பில் இருந்த அதிகாரி என் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் மனைவி காலை நிகழ்ச்சி கேட்பவராம். அதனால் வரிசை ஒன்றும் குறையவில்லை.

போன மாதம் மறுபடி போர்டிக்சன் போனோம். அதே பழைய சாலை. இந்த முறை கணவர் ஓட்டினார், மகள் நடு இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மேலே படுத்துக்கொண்டு வர மறுபடி கேட்கவில்லை. நான் கதையை அவளுக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் தாத்தா ஏதோ சொல்லியிருக்கிறார்.

மம்பாவ் தாண்டியதும் அவளே சொன்னாள்: "பா, இருபது கிலோமீட்டர் ஆச்சு. நிறுத்துங்க."

எந்தக் கட்டும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் உட்காரும், அதனால் புறப்பட்ட கொஞ்ச தூரத்தில் ஒரு முறை இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும் என்பது தாத்தாவும் பேத்தியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். ஓரமாக நிறுத்தினோம். அப்பா இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டி, ஸ்பேனரை அவளிடம் கொடுத்தார்.

"நாலு மூலையும் பாக்கணும். ஒண்ணைத் தொட்டுட்டு மத்ததும் சரியா இருக்கும்னு வந்துடக் கூடாது."

அவள் சுற்றி வந்தாள். முன் இடது, முன் வலது. ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டாள். பின் வலதில் நின்றுவிட்டாள்.

"தாத்தா, இது மட்டும் வேற சத்தம்."

"எவ்ளோ திருப்பணும்?"

"கால் சுத்து."

"திருப்பு. பூட்டு நட்டை மறந்துடாத."

இரண்டு கையாலும் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். மறுபடி சுண்டினாள். பிறகு நான்காவது மூலைக்குப் போனாள்.